ஏறாத வாடகையும் இறங்கும் வசதியும்

பாணுக்கு விலை நிர்ணயிக்கும் அரசாங்கம் அதன் நிறையையும் நிர்ணயிக்காது விட்டால் என்ன நிகழும் என்பதை நம் நாட்டு வாசகர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. விலை அப்படியே நிற்கும். பாண் மட்டும் மெலிந்துவிடும். வாங்குபவர் ஒரு சதமேனும் கூடுதலாகக் கொடுத்தாரல்லர். ஆயினும் வீட்டுக்கு வந்து வெட்டிப் பார்க்கும்போது நட்டம் தெரியவரும். வாடகைக்கும் இதே நியதி பொருந்தும் என்பதை நான் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. வாடகைக் கட்டுப்பாடு என்றால் மாதந்தோறும் கைமாறும் தொகையைப் பற்றிய விவகாரம் என்றே நினைத்திருந்தேன். நியூயோர்க் நகரத்தின் வாடகைச் சட்ட வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பின்னரே, அங்கு நூறு ஆண்டுகளாக நடந்துவரும் போராட்டத்தின் ஒரு பெரும் பகுதி தொகையைப் பற்றியதன்று, வெந்நீரையும் மின்தூக்கியையும் பற்றியது என்பது எனக்குப் புலனாயிற்று.

2025ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் சொஹ்ரான் மம்தானி அந்நகரத்தின் மேயராகத் தெரிவுசெய்யப்பட்டார். கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடுகளின் வாடகையை உயரவிடமாட்டேன் என்பது அவர் அளித்த முதன்மையான வாக்குறுதிகளுள் ஒன்று. அதனை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் வாடகைத் தொகை ஏறலாமா, ஏறக்கூடாதா என்பதைப் பற்றியே பெரிதும் வாதிட்டனர். எனக்கோ அதனோடு சேர்த்துக் கேட்கவேண்டிய மற்றொரு கேள்வி உண்டென்று தோன்றுகிறது. வாடகை அசையாது நிற்கிறதென்றே வைத்துக்கொள்வோம். அந்த வாடகைக்குக் கிடைக்கும் வீடு அசையாது நிற்குமா?

கேள்வியின் பருமனை முதலில் உணர்தல் வேண்டும். நியூயோர்க்கில் ஏறத்தாழப் பத்து இலட்சம் வீடுகள் இக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. இவற்றிற் பெரும்பாலானவை 1974ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்ட தொடர்மாடிகளில் உள்ளவை. வாடகை எத்தனை வீதம் உயரலாம் என்பதை மேயர் நியமிக்கும் ஒன்பதுபேர் கொண்ட சபை ஆண்டுதோறும் தீர்மானிக்கும். குடியிருப்பாளர் சார்பில் இருவர், சொந்தக்காரர் சார்பில் இருவர், பொதுமக்கள் சார்பில் ஐவர் என்பது அச்சபையின் அமைப்பு. 2015, 2016, 2020 ஆகிய ஆண்டுகளில் ஓராண்டுக் குத்தகைக்கு எவ்வித உயர்வும் இல்லை என்று அச்சபை முடிவுசெய்தது. 2025ஆம் ஆண்டில் 3 வீத உயர்வுக்கு இடமளித்தது.

இந்தச் சட்டம் நெருக்கடிக் காலச் சட்டம் என்பதை மறந்துவிடலாகாது. வாடகைக்குரிய வீடுகளில் 5 வீதத்துக்குக் குறைவானவையே வெறுமையாக உள்ளன என்று கணக்கெடுப்பிற் கண்டாலன்றிச் சட்டம் தொடர்தல் இயலாது. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவ்வீதம் 1.41 மட்டுமே. அதாவது, வாடகைக்குரிய நூறு வீடுகளில் ஒன்றரை வீடுகூட வெறுமையாக இருக்கவில்லை. இவ்விலக்கமே இவ்விவகாரம் முழுவதற்கும் திறவுகோல். ஒரு கடையிற் பாண் சிறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம். மின்தூக்கி பழுதான தொடர்மாடியிற் குடியிருப்பவர் அடுத்த வீட்டுக்குப் போகலாமென்றால் அடுத்த வீடு எங்கே? போக இடமில்லாதவரிடமே வசதியைக் குறைத்துக்கொடுக்க இயலும். ஆதலினால் அவருக்குத் துணையாகச் சட்டம் ஒன்றே உண்டு.

நிற்க. இந்நுட்பத்தைச் சட்டம் இயற்றியோர் உணராதிருந்தனரோ என்றால், இல்லை, தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். முதலாம் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிய 1920ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலம் அவசர வாடகைச் சட்டங்களை இயற்றியது. வாடகையை நியாயமான அளவுக்குள் அடக்கியதோடு அச்சட்டங்கள் நின்றுவிடவில்லை. குத்தகைப்படி வழங்கவேண்டிய தண்ணீர், சூடு, வெளிச்சம், மின்தூக்கி முதலியவற்றை வேண்டுமென்றே வழங்காது விடும் சொந்தக்காரர் குற்றவாளியாவார் என்றும் விதித்தன. சொந்தக்காரர்கள் நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை சென்றனர். ஒருவரைத் தம் விருப்பத்துக்கு மாறாக இன்னொருவருக்கு ஊழியஞ் செய்யும்படி சட்டம் கட்டாயப்படுத்தலாமா என்பது அவர்கள் எழுப்பிய ஆட்சேபங்களுள் ஒன்று. 1921ஆம் ஆண்டில் நீதியரசர் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு இதற்கு விடை கூறிற்று. தனிமனிதர் ஒருவரின் சொந்த ஊழியத்தை வற்புறுத்திப் பெறுதல் சட்டமரபுக்கு ஒவ்வாதென்பது உண்மையே. ஆனால் இங்கே பேசப்படுவது அத்தகைய ஊழியமன்று. அந்நகரத்துத் தொடர்மாடியிற் குடியிருக்கும் உரிமையோடு பிரிக்கமுடியாதபடி கூடிவருவது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒன்பது நீதியரசர்களில் ஐவர் அதற்கு இசைந்தனர், நால்வர் மறுத்தனர்.

அத்தீர்ப்பு சொத்துச் சட்டத்தின் பழைய எண்ணமொன்றைப் புரட்டிவிட்டது என்பது என் கருத்து. நிலமும் சுவரும் கூரையுமே வாடகைக்கு விடப்படுவன என்பது பண்டைய நோக்கு. உழவர் ஒருவர் வயலைக் குத்தகைக்கு எடுத்தால் அவ்வளவே போதும். கிணறும் விறகும் அவர் கையிலேயே இருந்தன. பத்தாவது மாடியிற் குடியிருப்பவர் விறகு பிளக்க முடியாது. கிணறு தோண்ட முடியாது. கீழறையிலுள்ள கொதிகலன் எரிந்தாலன்றி அவர் குழந்தைக்குக் குளிர் தீராது. அந்தக் கொதிகலனின் திறவுகோல் சொந்தக்காரரிடம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது இதே பாடத்தை மீண்டும் படிக்கவேண்டியதாயிற்று. 1942ஆம் ஆண்டு நம் நாட்டில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முதன்முதலாக இயற்றப்பட்டதை முதியோர் சொல்லக் கேட்டிருப்போம். அதே ஆண்டில் அமெரிக்காவிலும் போர்க்கால விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் 1943ஆம் ஆண்டு நவம்பரில், நியூயோர்க்கின் வாடகைகள் அவ்வாண்டு மார்ச் முதலாந் திகதி இருந்த நிலையிலேயே நிறுத்தப்பட்டன. அன்றைக்கு அளிக்கப்பட்ட இன்றியமையாச் சேவைகளும் தொடர்ந்து அளிக்கப்படல் வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. விலையை ஒரு திகதியோடு கட்டியவர்கள், பொருளையும் அதே திகதியோடு கட்டினார்கள்.

இன்றுள்ள ஒழுங்கு 1969, 1974ஆம் ஆண்டுகளின் சட்டங்களிலிருந்து தோன்றியது. 1984 முதல் அதனை மாநிலத்தின் வீடமைப்புத் துறை நிருவகிக்கிறது. அடிப்படைத் திகதி என்று ஒன்றை இவ்வொழுங்கு வகுத்துள்ளது. கட்டடம் எச்சட்டத்தின்கீழ் வந்தது என்பதற்கேற்ப அத்திகதி 1968 மே 31 ஆகவோ 1974 மே 29 ஆகவோ இருக்கும். அன்று அளிக்கப்பட்ட சேவைகளும் பின்னர் சேர்க்கப்பட்டவையும் வாடகையோடு இணைந்தவை. அன்று வாயிலிற் காவலர் இருந்தாரெனின் இன்றும் இருத்தல் வேண்டும். அன்று கீழ்த்தளத்திற் சலவை அறை இருந்ததெனின், அதனை அகற்றுமுன் சொந்தக்காரர் துறையின் அனுமதியைப் பெறல் வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முந்திய ஒரு வசந்தகால நாளில் ஒரு கட்டடத்தின் முகப்பில் யார் நின்றார், மின்தூக்கியை யார் இயக்கினார் என்று அலுவலர்கள் ஆராய்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் அந்த ஆராய்ச்சி இல்லையேல் வாடகைக் கட்டுப்பாடு வெறும் எண்ணாகிவிடும்.

சேவை குறைந்தால் நிவாரணம் யாது? குடியிருப்பாளர் முதலிற் சொந்தக்காரருக்கு எழுத்தில் அறிவிக்கலாம். பயனில்லையேல் துறைக்கு முறைப்பாடு செய்யலாம். முறைப்பாடு தம் வீட்டை மட்டும் பற்றியதாகவும் இருக்கலாம். கட்டடத்தார் பலர் சேர்ந்து கட்டடம் முழுவதையும் பற்றிச் செய்வதாகவும் இருக்கலாம். குறை மெய்யென்று துறை காணுமாயின், வாடகை அதற்கு முந்திய கடைசி உயர்வுக்கு முன்னிருந்த தொகைக்கு இறக்கப்படும். சேவை மீண்டும் நிறுவப்பட்டதென்று சொந்தக்காரர் காட்டி ஆணை பெறும்வரை அடுத்தடுத்த ஆண்டுகளின் உயர்வுகளையும் அவர் வசூலிக்க முடியாது.

இதனைக் கணக்காகப் பார்ப்போம். 1,500 டொலர் வாடகை 3 வீத உயர்வினால் 1,545 டொலர் ஆயிற்று என்க. மின்தூக்கி இயங்கவில்லை என்று ஆணை பிறந்தால் வாடகை மீண்டும் 1,500 டொலர். குடியிருப்பாளருக்குக் கிடைப்பது மாதம் 45 டொலர். ஆறாவது மாடியில் முழங்கால் நோவோடு வாழும் மூதாட்டி ஒருவருக்கு, கீழே இறங்கி மருந்து வாங்கிவர முடியாதிருந்ததன் விலை இதுதானா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல உயர்வுகள் தடைப்படுவதனாற் சொந்தக்காரரின் நட்டம் பெருகும் என்பது உண்மையே. தண்டனையின் வலு அங்கேதான் இருக்கிறது. ஆனால் தண்டனை மெல்ல வளர்கிறது. மூதாட்டியின் துன்பமோ முதல் நாளிலேயே முழுவளர்ச்சி பெற்றுவிடுகிறது. முறைப்பாட்டுக்கும் பரிசோதனைக்கும் ஆணைக்கும் இடையே மாதங்கள் பல கழிவதுமுண்டு.

மேலும் ஓர் இடையூறு உளது. 2000ஆம் ஆண்டில் விதிகளைத் திருத்தியபோது, வாடகைக் குறைப்புக்கு உரியனவல்லாத அற்பக் குறைகள் என ஒரு வகையை வகுத்தனர். மின்தூக்கியிற் பரிசோதனைச் சான்றிதழ் மாட்டப்படாமை போன்றவை அதிலடங்கின. நான்கு ஆண்டுகள் முறைப்பாடின்றிக் கழிந்திருப்பின் அதுவே குறை அற்பமானது என்பதற்கு ஒரு சான்றாகக் கொள்ளப்படலாம் என்றும் அத்திருத்தம் கூறிற்று. சில்லறை வழக்குகளால் துறை திணறலாகாது என்ற நோக்கத்தை நான் குறைகூறவில்லை. ஆனால் நெடுநாட் பொறுத்தவரின் பொறுமையை அவருக்கு எதிரான சான்றாக்குவது எனக்கு உவப்பானதன்று. ஏழைகள் முறையிடாமலிருப்பது குறை சிறிதென்பதனாலன்று. முறையிட்டு என்ன பயன் என்பதனாலும், முறையிட்டால் என்ன நேருமோ என்பதனாலுமே.

துறையின் வழி மெதுவாக இருந்தமையால், மக்கள் வேறொரு வழியையும் நாடினர். 1963ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஹார்லெம் பகுதியிலே ஜெசி கிரே என்பவரின் தலைமையில் குடியிருப்பாளர்கள் வாடகை கொடுக்க மறுத்தனர். சூடில்லாத அறைகள், ஒழுகும் குழாய்கள், எலிகள் என்பன அவர்களின் குறைகள். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது தம் வீடுகளிற் பிடிபட்ட எலிகளையே சான்றாக எடுத்துச்சென்றனர். அக்காட்சி நாடெங்கும் பேசப்பட்டது. 1965ஆம் ஆண்டில் மாநிலம் புதிய சட்டமொன்றை இயற்றியது. ஆபத்தான நிலையிலுள்ள கட்டடத்தின் குடியிருப்பாளருள் மூன்றிலொரு பங்கினர் விண்ணப்பித்தால், நீதிமன்றம் ஒரு நிருவாகியை நியமிக்கலாம். அவர் வாடகையை வசூலித்துத் திருத்த வேலைகளுக்குச் செலவிடுவார். வாடகை யாருக்குரியது என்ற கேள்விக்கு அச்சட்டம் கூறிய விடை, அது முதலில் வீட்டுக்குரியது என்பதே.

அடுத்து 1975ஆம் ஆண்டில், ஒவ்வொரு குத்தகையிலும் வீடு வாழத்தக்கதாக இருக்கும் என்ற உறுதிமொழி எழுதப்படாமலே அடங்கியிருக்கிறது எனச் சட்டம் விதித்தது. மறு ஆண்டே அது சோதனைக்கு வந்தது. மன்ஹற்றனிலுள்ள பெரிய தொடர்மாடித் தொகுதி ஒன்றிற் பராமரிப்புத் தொழிலாளர்கள் 17 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். குப்பை மலையாய்க் குவிந்தது. சுகாதாரத் துறை அபாயநிலையை அறிவித்தது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் தொழிலாளர்கள். அதற்கு நாம் எவ்வாறு பொறுப்பாவோம் என்று சொந்தக்காரர் தரப்பு வாதித்தது. 1979ஆம் ஆண்டில் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. தவறு யாருடையது என்பதன்று கேள்வி. குடியிருப்பாளர் பணம் கொடுத்து வாங்கியது அவருக்குக் கிடைத்ததா என்பதே கேள்வி என்ற நோக்கிலே 10 வீத வாடகைக் குறைப்பு நிலைநிறுத்தப்பட்டது.

இவ்வளவு சட்டங்கள் இருந்தும் வழக்குகள் குறையாதது ஏன்? சட்டம் ஒரு கையால் தடுத்ததை மறுகையால் தூண்டியது என்பது ஒரு காரணம். 1993ஆம் ஆண்டில் ஒரு விலக்குப் புகுத்தப்பட்டு, 1997இல் அது விரிவாக்கப்பட்டது. மாத வாடகை 2,000 டொலரை எட்டிய வீடு வெறுமையானால், அது கட்டுப்பாட்டிலிருந்து விடுபடும். பழைய குடியிருப்பாளர் வெளியேறும்போதெல்லாம் வாடகையை 20 வீதம்வரை உயர்த்தவும் இடமளிக்கப்பட்டது. அப்பால் நடந்ததை ஊகிக்கப் பேரறிவு வேண்டியதில்லை. குடியிருப்பவர் இருக்கும்வரை வீடு சிறு வருவாய். அவர் போய்விட்டால் பெருஞ் செல்வம். அவரைத் துரத்தச் சட்டம் இடந்தராது. ஆனால் கொதிகலன் பழுதாகலாம், மின்தூக்கி மாதக்கணக்கில் நிற்கலாம். சொந்தக்காரர் எல்லோரும் இவ்வாறு செய்தனர் என்று நான் கூறேன். ஆனால் இவ்வாறு செய்பவருக்கு இலாபம் என்ற நிலையைச் சட்டமே உண்டாக்கிற்று. 2008ஆம் ஆண்டில் நகரசபை, குடியிருப்பாளரை வெளியேற்றும் நோக்கத்தோடு இன்றியமையாச் சேவைகளை மீண்டும் மீண்டும் தடைப்படுத்துவதை வன்தொல்லை எனச் சட்டமாக்க வேண்டி வந்தது. அந்த விலக்கின் வழியே ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான வீடுகள் கட்டுப்பாட்டை விட்டு நீங்கிய பின், 2019ஆம் ஆண்டு ஜூனில் விலக்கும் 20 வீத உயர்வும் ஒருங்கே ஒழிக்கப்பட்டன.

சொந்தக்காரர் தரப்பையும் நாம் கேட்டல் வேண்டும். 1974ஆம் ஆண்டுக்கு முன் எழுந்த கட்டடங்கள் இன்று ஐம்பது ஆண்டுகளைக் கடந்தவை. சில நூறாண்டைத் தாண்டியவை. எண்ணெயும் வரியும் காப்புறுதியும் எந்தச் சபையின் வீதத்துக்கும் காத்திருப்பதில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு வீட்டின் திருத்தச் செலவில் 15 ஆண்டுகளில் 15,000 டொலருக்கு மேற்பட்டதை வாடகையிற் சேர்க்கவிடாது தடுத்தது. பாழடைந்த வீட்டைப் புதுக்க அது போதாதென்று அவர்கள் முறையிட்டனர். 2024ஆம் ஆண்டில் அந்த எல்லை 30,000 டொலராகவும், சில வீடுகளுக்கு 50,000 டொலராகவும் உயர்த்தப்பட்டது. சட்டத்தையே வீழ்த்த அவர்கள் கொண்டுசென்ற வழக்குகளை ஏற்க 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. இம்முறையீடுகள் எல்லாம் பொய்யென்று தள்ளுவது நேர்மையன்று. ஒன்றிரண்டு கட்டடங்களை மட்டும் வைத்திருப்பவருக்குப் புதிய கொதிகலனின் விலை பெருஞ்சுமையே.

ஆயினும் அவர்களின் வாதத்தில் ஒரு முடிச்சு உண்டு. வருவாய் போதாதாயின், கணக்கைத் திறந்துகாட்டிக் கூடுதல் வாடகை கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. திருத்தஞ் செய்த கட்டடங்களுக்கு வரிச்சலுகை வழங்கும் திட்டத்தை நகரம் 1955ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. இவை போதாவெனின் பெருக்கும்படி கேட்பது நியாயம். ஆனால் கணக்கைத் திறவாது கொதிகலனை அணைப்பது நியாயமன்று. முன்னது வெளிப்படையான கோரிக்கை. அதனை மறுக்கவும் ஏற்கவும் பொதுமக்களுக்கு வாய்ப்புண்டு. பின்னது மறைமுகமாக வசூலிக்கப்படும் வாடகை. அதை யாரிடம் வசூலிப்பது என்பதையும் வசூலிப்பவரே தெரிவுசெய்கிறார்.

இதிலுள்ள ஆபத்து வெறும் பண நட்டமன்று. நியூயோர்க்கில் ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் மே 31 வரை சூட்டுக்காலம். வெளியே வெப்பநிலை 55 பரனைற்றுப் பாகைக்குக் கீழிறங்கினால் பகலில் வீட்டினுள் 68 பாகையேனும் இருத்தல் வேண்டும். இரவில் எக்காரணங்கொண்டும் 62 பாகைக்குக் குறையலாகாது. இவை செந்திகிரேட்டில் முறையே 13, 20, 17 பாகைகளுக்கு அண்மையானவை. இந்த எண்கள் தவறினால் மக்கள் என்ன செய்வர்? கடையில் மின்சூடாக்கி ஒன்றை வாங்கி அறையில் வைப்பர். 2022ஆம் ஆண்டு ஜனவரி 9ஆந் திகதி புரொங்ஸ் பகுதியில் 19 மாடிக் கட்டடம் ஒன்றில் அத்தகைய சூடாக்கி ஒன்றிலிருந்து தீ மூண்டதெனத் தீயணைப்புத் துறையினர் கூறினர். தாமாக மூடிக்கொள்ளவேண்டிய கதவுகள் மூடிக்கொள்ளவில்லை. மாடிப்படிகளிற் புகை ஏறிற்று. 17 பேர் மாண்டனர். அவர்களுள் எண்மர் பிள்ளைகள். கட்டடத்திற் சூடு போதவில்லை என்று குடியிருந்தோர் பலர் கூறினர்; வழங்கப்பட்டது என்று நிருவாகத்தினர் கூறினர். அவ்வழக்கைத் தீர்ப்பது என் வேலையன்று. கதவொன்று தானாக மூடுவதும் ஒரு சேவையே என்பதை மட்டும் இங்கு குறிப்பிடுகிறேன். முறைப்பாட்டுப் படிவத்தில் அது ஒரு வரி. தீ மூளும் வரை யாருக்கும் அற்பமாகவே தோன்றும் வரி.

ஆதலின், வாடகை உயரலாகாது என்று தீர்மானிப்போர் அத்தோடு தம் பணி முடிந்ததெனக் கருதுவது பெருந் தவறு என்பது என் துணிபு. கட்டுப்பாடு இறுக இறுக, மறைமுகமாக வசூலிக்கும் ஆசையும் வளரும். ஆகவே காவலும் வளர்தல் வேண்டும். ஆண்டுதோறும் தொகையைத் தீர்மானிக்கச் சபை கூடுகிறது, மக்கள் திரள்கிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன. குழாயில் வெந்நீர் வருகிறதா என்று பார்க்கப் பரிசோதகர் வரும் நாளில் எவரும் திரள்வதில்லை. அப்பரிசோதகர் வாரங்களில் வருகிறாரா, மாதங்களில் வருகிறாரா என்பதிலேதான் சட்டத்தின் உயிர் தங்கியிருக்கிறது. குறைப்பும் கடைசி உயர்வின் அளவாக நின்றுவிடாது, இழந்த சேவையின் பெறுமதிக்கு ஏற்ப அமைதல் வேண்டும். மெய்யாகவே இயலாத சொந்தக்காரருக்குப் பொதுப்பணத்திலிருந்து கடனோ சலுகையோ கொடுப்பின், அதற்கு ஈடாகச் செய்த வேலை கண்ணுக்குத் தெரிதல் வேண்டும்.

வாடகைச் சட்டங்கள் நமக்கும் புதியனவல்ல. 1948, 1972ஆம் ஆண்டுகளின் சட்டங்களைப் பற்றிய வாதங்கள் கொழும்பில் எத்தனையோ குடும்பங்களின் பேச்சாக இருந்தவை. அவ்வாதங்களிலும் தொகையும் வெளியேற்றமுமே பெரிதாகப் பேசப்பட்டன. இன்று நம் தலைநகரிலும் தொடர்மாடிகள் உயர்கின்றன. மின்தூக்கியின்றி ஏறமுடியாத உயரங்களிற் பிள்ளைகள் வளர்கின்றனர். நியூயோர்க் நூறாண்டுகளிற் கற்றதை நாமும் மெல்லக் கற்கவேண்டி வரும். பாணை வாங்குபவர் விலையை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. கையில் வைத்து நிறையையும் பார்க்கிறார். வீட்டையும் அவ்வாறே நிறுத்துப் பார்க்கும் தராசு ஒன்று பொதுமக்கள் கையில் இருத்தல் வேண்டும்.